பேஸ்மெண்டில் ரவை செய்யும் அப்பா

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் எங்கள் கிளப்பில் சுட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது ரவைக்கு வழமையான சத்தம் வரவில்லை. "டப்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் கை தானாகவே ஸ்லைடை இழுத்து அடுத்த ரவையை ஏற்றப் போனது. பின்னால் நின்ற ரேஞ்ச் ஒஃபிசர் "ஸ்டொப்!" என்று கத்தினார்.

துவக்கைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். வெளிச்சம் தெரியவில்லை. சன்னம் குழலின் நடுவில் இறுகி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். பிறகு என் விரல்களுக்கும் கண்ணுக்கும் யார் உத்தரவாதம்?

அந்த ரவையை எந்தக் கம்பனியும் செய்யவில்லை. எங்கட பேஸ்மெண்டில் நான்தான் செய்தேன். மருந்து போடாமலே ஒரு கோதை மூடிவிட்டேன்.

இதை எழுதக் காரணம், துவக்கு என்றாலே நம் வீடுகளில் இரண்டு விதமான மௌனம் இருக்கிறது. அப்பா, அம்மா ஊரில் கண்டதைப் பற்றிப் பேச மாட்டார்கள். எங்கட தலைமுறையில் வேட்டைக்கோ விளையாட்டுக்கோ துவக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி வெளியில் சொல்ல மாட்டார்கள். நடுவில் பிள்ளைகள் வளருகிறார்கள்.

ஒரு பவுன் சன்னம்

ஒரு ரவையில் நாலு பாகம்தான்: பித்தளைக் கோது, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, மேலே சன்னம். சுட்ட பிறகு கோது மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, அச்சில் விட்டு அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, சன்னம் வைத்து அழுத்தினால் மறுபடி ரவை. கடையில் வாங்குவதை விட மலிவாக முடியலாம் என்பது ஒரு காரணம். தன் துவக்குக்குச் சரியாகப் பொருந்தும் ரவையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் பெரிய காரணம்.

இந்த வேலையில் எடையெல்லாம் கிரெய்ன் கணக்கு. 7000 கிரெய்ன் ஒரு இறாத்தல். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், அதாவது நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. 9 மிமீ துவக்குக்கு நான் பாவிக்கும் சன்னம் 124 கிரெய்ன், ஏறக்குறைய எட்டு கிராம். அப்பாவிடம் ஒன்றைக் கையில் கொடுத்தபோது, "ஒரு பவுன் வரும் போல" என்றார். அவர் சொன்னது சரி.

மருந்து அதைவிட மிகக் குறைவு, சில கிரெய்ன்கள்தான். ஒரு கிரெய்னின் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வேகமும் அழுத்தமும் மாறும். 9 மிமீ ரவைக்கு அமெரிக்கத் தொழில் அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல். கார் டயரில் 35 இறாத்தல் அழுத்தம் என்று வைத்தால், அதைப்போல ஆயிரம் மடங்கு, முகத்துக்கு முன்னால் நீட்டிய கையில்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நான் சொஃப்ட்வெயார் எஞ்சினியர். ஒரு பிழையைத் தேடும்போது நாலு இடத்தில் ஒரேயடியாகக் கை வைத்தால், எது வேலை செய்தது என்று தெரியாது. ரவை செய்வதும் அப்படித்தான்.

மருந்துக் கம்பனியோ சன்னக் கம்பனியோ அச்சிட்ட அட்டவணையில் இருந்துதான் தொடங்க வேண்டும். நண்பன் சொன்னது, வீடியோவில் பார்த்தது எதுவும் கணக்கில் இல்லை. அட்டவணையின் மிகக் குறைந்த அளவில் பத்து ரவை செய்ய வேண்டும். பிறகு ஒரு சின்னப் படி ஏற்றி இன்னொரு பத்து. சன்னம், கோது, பிரைமர், மொத்த நீளம் எதையும் மாற்றக்கூடாது. சன்னத்தைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும். ரேஞ்சில் ஒவ்வொரு பத்தையும் வேகமானியின் முன் சுட்டு, வேகத்தையும் தாளில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும் குறிக்க வேண்டும்.

நான் கண்டது: மிகத் துல்லியமான ரவை பெரும்பாலும் மிகப் பலமான ரவையாக இருக்காது. ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் சன்னத்தின் கிரெய்னை விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரிப்பார்கள். விடை 125க்குக் குறையக்கூடாது. 124 கிரெய்ன் சன்னம் 1,050 அடி வேகத்தில் போனால் 130. அது போதும். அதற்கு மேலே ஏற்றுவது வெறும் வீம்பு.

பிழைகளில் மோசமானவை இரண்டு. ஒன்று, மருந்தே போடாமல் விடுவது. மற்றது, ஒரே கோதில் இரண்டு தரம் போடுவது. 9 மிமீ கோதில் சில மருந்துகள் பாதியைக்கூட நிரப்பாது, அதனால் இரட்டிப்பாகப் போட்டாலும் வெளியே வழியாது. இரண்டு தரம் போட்டால் வழிந்துவிடும் மருந்தைத் தெரிவு செய்வது ஒரு காவல். சன்னம் வைக்க முன் ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது இரண்டாவது காவல். அந்த ஏழாவது ரவையில் நான் விட்டது இந்த இரண்டாவதைத்தான்.

ஏன் விட்டேன்? கோதுகளை வரிசையாக அடுக்கி மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே படியில் நின்று மகன் "அப்பா, சாப்பாடு!" என்று கூப்பிட்டான். திரும்பிப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். நான் நினைத்த இடம் பிழை.

அன்றைக்கு ரேஞ்சிலிருந்து வந்து, அந்தத் தொகுதியில் மிஞ்சியிருந்த எல்லா ரவைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு இரவு பிடித்தது. இப்போது இடையில் யாராவது கூப்பிட்டால், தட்டில் இருக்கும் கோதுகள் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறேன்.

சட்டமும் நம் தெருவும்

2008இல் ரொறன்ரோ மாநகர சபை தன் கட்டடங்களில் இருந்த சூட்டுத் தளங்களை மூட முடிவெடுத்தது. யூனியன் ஸ்டேஷனுக்குள் ஒன்று இருந்தது. இன்னொன்று நம் ஸ்காபரோவில், எக்ளிண்டனில் இருக்கும் டொன் மொன்ட்கொமெரி சமூக நிலையத்தில். 2012 ஜூலையில் ஸ்காபரோ டான்சிக் தெருவில் ஒரு விருந்துக்கு நடுவே நடந்த சூட்டில் இருவர் இறந்தார்கள், இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அந்தப் பக்கம் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் துவக்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியாது. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனியாட்கள் கைத்துவக்கை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது. 2023 டிசம்பரில் சி-21 சட்டம் அதை உறுதிப்படுத்தியது. முன்பே பதிவு செய்தவர்கள் வைத்திருக்கலாம். ஒலிம்பிக் வகைப் போட்டியாளர்களுக்கு விலக்கு உண்டு. 1984இல் லொஸ் ஏஞ்சலஸில் கனடாவின் முதல் தங்கத்தை வென்றவர் லிண்டா தொம், கைத்துவக்குப் போட்டியில்தான். ஆனால் ஒலிம்பிக் கைத்துவக்குப் போட்டிகளில் இன்று பாவிப்பது காற்றுத் துவக்கும் .22 ரவையும். .22 கோதை மறுபடி நிரப்பிப் பாவிப்பதில்லை. ஆக, என்னைப் போல 9 மிமீக்கு ரவை செய்பவர்களின் கூட்டம் இனிப் பெருகாது. என் துவக்கு என் மகனுக்கும் போகாது.

அப்பா கேட்டது

ரவைகளைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டாவது இரவு அப்பா கீழே இறங்கி வந்தார். வழக்கமாக அந்த அறைக்கு வர மாட்டார். ஒரு கோதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஊரில சண்டை முடிஞ்ச அடுத்த நாள் பிள்ளையள் இதத்தான் பொறுக்குவினம். ஊதினால் விசில் மாதிரிச் சத்தம் வரும். சில நேரம் வெடிக்காததையும் பொறுக்கிக்கொண்டு வந்திடுங்கள்."

அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, உன்ர பெடியன் இதத் தொட்டிருக்கிறானோ?"

இல்லை என்று உடனே சொல்ல என்னால் முடியவில்லை. வெற்றுக் கோது ஆபத்தில்லை என்று நினைத்து மேசையில் விட்டிருந்தேன். அவன் அவற்றை அடுக்கி விளையாடியதைக் கண்டிருக்கிறேன். பல பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கோதில் அதன் கரி ஒட்டியிருக்கும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் அளவே கிடையாது.

அடுத்த வாரம் வீட்டில் மாற்றியவை இவை:

- அறைக்குப் பூட்டு. துவக்கு குண்டில்லாமல், பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டிக்குள். ரவை வேறொரு பூட்டிய பெட்டியில். சாவி என்னிடமும் மனைவியிடமும் மட்டும்.
- மருந்து அது வந்த டப்பாவிலேயே. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும். பிரைமர் தனியாக, அதன் சொந்தப் பெட்டியில்.
- கோது கழுவுவது வீட்டுக்கு வெளியே. வேலை முடிந்ததும் சோப் போட்டுக் கை கழுவுதல். ரேஞ்சுக்குப் போட்ட உடுப்பும் சப்பாத்தும் பிள்ளைகளின் உடுப்போடு சேராது.
- அந்த அறையில் சாப்பாடு, தேத்தண்ணி, ஃபோன் கிடையாது. பிள்ளைகள் நித்திரையான பிறகுதான் வேலை.

துவக்கே இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒன்று. பிள்ளையை விளையாட அனுப்பும்போது நாய் இருக்கிறதா, கடலை ஒத்துக்காது என்று கேட்கிறோம், சொல்கிறோம். "வீட்டில துவக்கு இருக்கா, எப்படிப் பூட்டி வச்சிருக்கிறீங்கள்?" என்றும் கேளுங்கள். என்னிடம் கேட்டால் நான் கோபிக்க மாட்டேன், பூட்டைக் காட்டுவேன். கோபிக்கிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

மகனுக்கு இப்போது ஆறு வயது. துவக்கோ ரவையோ எங்கே கண்டாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவர்களிடம் சொல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். போன மாதம் காரின் பின் சீட்டுக்கு அடியில் ஒரு கோது உருண்டு கிடந்திருக்கிறது. அவன் அதைத் தொடவில்லை. நேரே போய் அப்பப்பாவிடம் சொன்னான். அப்பா அதை ஒரு டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்துவிட்டு, கை கழுவப் போனார்.