மருந்துக்கும் மனிதனுக்கும் இடையில்

கொள்ளைநோயை ஒழிப்பதற்கு நல்ல மருந்தொன்று கிடைத்தாற் போதும் என்று நாம் எண்ணுவது வழக்கம். எய்ட்ஸ் நோயின் வரலாறோ அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ளுமாறு நமக்குக் கற்பிக்கின்றது.

அந்நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. கிருமி 1983ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. 1996 முதல், மருந்துகள் பலவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வழக்கில் வந்தது. அச்சிகிச்சை கிருமியை முற்றாக அழிப்பதில்லை. பெருகவிடாது அடக்கி வைக்கின்றது. கிருமி அடங்கவே, அது பிறரைத் தொற்றுவதும் தடைப்படுகின்றது. கணவன் மனைவியருள் ஒருவருக்கு மட்டும் கிருமியிருந்த குடும்பங்களில், தாமதியாது சிகிச்சை தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைகின்றதென 2011இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அப்படியாயின், ஊரார் அனைவரையும் பரிசோதித்து, கிருமியுள்ளோர் யாவருக்கும் உடனே மருந்தளித்தால் நோய் தானே வற்றிவிடாதா?

இதனை அறிவதற்காகத் தென்னாபிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்திலே, 2012 முதல் 2016 வரை ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. 22 ஊர்த்தொகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. பாதித் தொகுதிகளிற் கிருமியுள்ளோர் யாவருக்கும் உடனே மருந்து. மறுபாதியில் அந்நாட்டின் அக்கால விதிப்படி, உடலின் எதிர்ப்புச்சக்தி குன்றிய பின்னரே மருந்து. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மக்களுட் பெரும்பாலோர் பரிசோதனைக்கு இசைந்தனர். சிகிச்சை நிலையங்களும் அருகிலேயே அமைந்திருந்தன. எனினும், இருவகை ஊர்களிலும் புதிய தொற்று ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது!

மருந்து பொய்த்ததோ? இல்லை. அதனை உண்டவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் கிருமி அடங்கியே இருந்தது. ஆனால், சிகிச்சை பெறாதிருந்து, தமக்குக் கிருமியுண்டென அறிந்தவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதங்கள் கழிந்தும் நிலையத்தை நாடவில்லை.

ஏன் நாடவில்லை? இத்தகைய முயற்சிகள் எங்கும் எதிர்கொள்ளும் தடைகளை நோக்கினால் காரணம் விளங்கும். உடலில் நோவேதும் இல்லாத இளைஞனுக்கு, ஆயுள் முழுவதும் நாள்தோறும் மருந்துண்பது வீண்சுமையாகத் தோன்றுகின்றது. தொழில் தேடி ஊர்விட்டு ஊர் செல்வோனுக்குச் சிகிச்சை இடையில் அறுகின்றது. நிலைய வாயிலில் அயலவர் கண்டுவிட்டால் என்ன பேசுவரோ என்ற அச்சமோ எல்லாவற்றிலும் கொடியது.

முந்திய சிகிச்சை வீணென்று இதனாற் கொள்ளலாகாது. அது நோயாளியின் உயிருக்கே நன்மை தருவது தெளிவானமையால், கிருமியுள்ளோர் எல்லோருக்கும் மருந்தளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்திற்று. அம்மருந்தை வைத்தியர் தருவார். அதனைப் பெற அஞ்சாது செல்லும் துணிவை அயலவராகிய நாமே தருதல் வேண்டும். நோயுற்றவனை இகழும் ஒவ்வொரு சொல்லும் அவனை நிலைய வாயிலிலிருந்து திருப்பி அனுப்புகின்றது என்பதை நம் இல்லங்களில் நினைவிற் கொள்வோமாக.