ஆட்குறைப்பும் மனித மாண்பும்

'வேலை போய்விட்டது' என்னும் சொல் நம் சபைகளில் அடிக்கடி செவியில் விழுகிறது. அச்சொல்லில் பல நிலைமைகள் அடங்கியுள்ளன. ஒருவர் ஆட்குறைப்பினால் நீக்கப்பட்டிருக்கலாம். மற்றொருவர் விருப்ப ஓய்வு பெற்றிருக்கலாம். வேறொருவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்திருக்கலாம். இன்னொருவர் உழைத்த ஆலையே மூடப்பட்டிருக்கலாம். அயலார் கண்ணுக்கு நான்கும் ஒன்றே. ஆனால் சட்டத்தின் பார்வையிலும், கைக்கு வரும் தொகையிலும், உள்ளத்தில் உண்டாகும் காயத்திலும் அவை வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் ஆறுதல் கூறப் புகுவது, நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை ஆகிய ஊர்ப்புறங்களில் நெசவு நெடுங்காலத் தொழிலாகும். நூல் விலை ஏறினாலோ துணி தேங்கினாலோ நெசவாளர் வீட்டில் வேலை சிறிது சிறிதாகக் குறையும். அக்குறைவைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். கும்மிடிப்பூண்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்தபின், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஆலைப் பேருந்தில் ஏறி மாதச் சம்பளத்திற்குச் சென்றனர். வாழ்வு உயர்ந்தது மெய்யே. ஆனால் ஆலை வேலை போவதானால் சிறிது சிறிதாகப் போவதில்லை. ஒரே நாளில் முழுவதுமாகப் போய்விடுகிறது.

இதற்கு நம் பகுதியிலேயே உள்ள சான்று, ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வாலையில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர், பெரும்பான்மையோர் இளம்பெண்கள். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் அவ்விற்பனை நிறைவேறியபோது, வருமான வரித் தகராறு காரணமாக இவ்வாலை மட்டும் கைமாறவில்லை. வாங்கிய நிறுவனத்திற்குக் கைப்பேசி செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆலையாகச் சில மாதங்கள் நடந்தது. அந்நிறுவனம் கொள்முதலை நிறுத்தவே, 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. அதற்கு முன்னரே ஏறத்தாழ 5,000 பேர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்திட்டு வெளியேறியிருந்தனர்.

ஈண்டு 'விருப்பம்' என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்புச் செய்யும் முதலாளிக்குச் சில கடமைகளை விதித்தது. முதலாவது, ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம். இரண்டாவது, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. மூன்றாவது, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்குதல் என்னும் ஒழுங்கு. நான்காவது, மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. ஆனால் தாமாக ஓய்வு பெறுவதை அச்சட்டம் ஆட்குறைப்பாகக் கருதவில்லை. எட்டாண்டு உழைத்தவருக்குச் சட்டப்படியான இழப்பீடு 120 நாள் சம்பளமே. விருப்ப ஓய்வில் பொதுவாக இதைவிடக் கூடுதலான தொகை தரப்படுகிறது. ஆகவே கையெழுத்திட்டவரை அறியாதவர் என்றோ பேராசைக்காரர் என்றோ எவரும் பழித்தலாகாது. எனினும் அத்தொகைக்கு ஈடாக முன்னுரிமையும் வழக்காடும் வாய்ப்பும் பெரும்பாலும் கைவிடப்படுகின்றன. ஆலை நிலைக்காது என்று தெரிந்தபின் நீட்டப்படும் தாளில் இடும் கையெழுத்து எவ்வளவு தூரம் விருப்பம் ஆகும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தொழிலாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையைச் செய்தாலும் ஆலையின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. குறித்த காலத்திற்கு அமர்த்தப்பட்டவருக்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமை ஆட்குறைப்பு ஆகாது என்பது 1984 முதல் சட்டமாயிற்று.

இன்று அப்பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்பு 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது. இப்போது அவ்வெல்லை 300 ஆகியுள்ளது. நீக்கப்படுவோரின் மறுபயிற்சிக்கென ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை நிதியமொன்றில் முதலாளி செலுத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. சிறு ஆலைகள் மிகுந்த பகுதிகளில் இம்மாற்றத்தின் பாரத்தைத் தொழிலாளரே முதலில் உணர்வர்.

இனி, கணக்கில் அடங்காத இழப்பு ஒன்று உண்டு. ஆலை சம்பளம் மட்டும் தருவதில்லை. சீருடை, அடையாள அட்டை, குறித்த நேரத்தில் வரும் பேருந்து, ஷிப்டுத் தோழியர், ஒன்றாக உண்ணும் உணவு ஆகிய இவை சேர்ந்து ஒருவருக்கு ஊரிலும் வீட்டிலும் ஓர் இடத்தைத் தருகின்றன. 'நாமெல்லாம் ஒரு குடும்பம்' என்று பல நிறுவனங்கள் கற்பிக்கின்றன. குடும்பம் என்று நம்பியவர், வரவு செலவுக் கணக்கில் தாம் ஓர் எண் மட்டுமே என்று அறியும் நாளில், பிழை தம்மிடமே இருந்ததெனக் கருதி நாணுகிறார். பெண்ணாயின், தன் சம்பளத்தால் பெற்ற சொல்லுரிமையையும் வீட்டில் இழக்கிறாள். தள்ளிவைத்திருந்த திருமணப் பேச்சு மறுநாளே எழுகிறது.

ஆகவே இத்தகையோரைச் சந்திக்கும் ஆயர் முதலாவது செய்யத்தக்கது, அவர் நீக்கப்பட்டது அவருடைய குற்றத்தினால் அன்று என்பதைக் குடும்பத்தார் முன்னிலையில் தெளிவாகக் கூறுதல். இரண்டாவது, கையெழுத்திடுமுன் தாளை ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்தாரிடமோ காட்டச் செய்தல். மூன்றாவது, பணிக்கொடை, வருங்கால வைப்புநிதி, நிலுவைச் சம்பளம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கணக்கிட உதவுதல். நான்காவது, கைக்கு வந்த தொகை வட்டிக்கடனிலும் ஆடம்பரத்திலும் கரையாதபடி முதல் ஆறு மாதச் செலவைத் திட்டமிடச் செய்தல்.

திராட்சத்தோட்ட உவமையில், சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பலினால் நிற்கவில்லை. ஒருவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்றே விடையளித்தனர். அவர்கள் கூற்றைத் தோட்டக்காரன் ஐயுறவில்லை. 2019இல் சால்காம்ப் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையைப் பெற முன்வந்தது. மூடிய கதவு மீண்டும் திறந்தது. கட்டிடம் ஐந்தாண்டு காத்திருக்கக்கூடும். வாடகையும் பால்கணக்கும் காத்திரா. அவ்விடைக்காலத்தில் வேலையற்றவரின் சொல்லை நம்பி அவர் அருகே நிற்பதே நம்மிடம் கேட்கப்படுகிற ஊழியம்.