ஜூனிப்பர் போன்சாய்: பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பரிசுப் பொருளாக விற்பனைக்கு வரும் ஜூனிப்பர் போன்சாயை வாங்குமுன் சில விவரங்களை அறிவது நலம்.

இது ஊசியிலை மர இனம். இளந்தழை ஊசிபோல் குத்தும்; ஜப்பானியர் போற்றும் 'ஷிம்பாகு' வகையில் முதிர்ந்த தழை செதில் செதிலாக, கயிறு திரித்தாற்போல் இருக்கும்.

செத்த பிறகும் சில வாரங்கள் பச்சை மாறாது. எனவே சிறு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிருண்டு.

கடைக்குள் கல்லாமேல் வைத்தால் நாளடைவில் பட்டுப்போகும். வெளியில் வெயில் வேண்டும். மேல்மண் சற்றுக் காய்ந்ததும், அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு நீர் ஊற்றவும். குளிர்கால ஓய்வும் தேவை. நம் சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. இதைச் சொல்லி விற்பதே நாணயம்.