பூதப் பாத்திரம் புனையுமாறு

ஆடுவோர் தாமே கதைமாந்தராய் நின்று, பேச்சினாலும் பகடையினாலும் ஒரு கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டொன்று மேனாட்டில் தோன்றிப் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதனைப் பாத்திர விளையாட்டு என நாம் ஈண்டு வழங்குவோம். அதில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வருதல் பெருவழக்கு. எனினும் சிலர், வீரனால் வெல்லப்படுதற்கென்றே கதையில் அமைந்த பூதமாகத் தாமே வர விரும்புவர். அவ்விருப்பம் தகுமோ, தகுமாயின் அப்பூதத்தை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். அவர் நாட்டையும் காட்டையும் பாழ்ங்குகையையும் சொல்லால் தீட்டிக் காட்டுவார். ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்கின்றது என உரைப்பர். செயல் பலித்ததோ இல்லையோ என ஐயம் நேருமிடத்து, இருபது முகமுடைய பகடை அதனைத் தீர்க்கும். ஒருவரை ஒருவர் வெல்லும் ஆட்டமன்று இது. பலர் ஒரு குழுவாகக் கூடி இடுக்கண் கடக்கும் ஆட்டம். இவ்வுண்மையை மனத்திற் கொண்டார்க்கே பின்வருவன நன்கு விளங்கும்.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் விலைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை 1974ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். அவற்றுள் முதலாவதிலேயே பூதப் பாத்திரத்திற்கு இடமுண்டு. ஆடுவோன் எவ்வுருவத்தையும் மேற்கொள்ளலாம். ஆனால் வலி குன்றிய நிலையில் தொடங்கிப் படிப்படியாக உயர்தல் வேண்டும் என்பதே ஆண்டுக் கூறிய விதி. பெரும் பூதமாக விரும்புவோன் அதன் இளங்குட்டியாகத் தொடங்கக் கடவன்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1979இல் வெளிவந்த நடுவர்க்குரிய பெருநூலில் அதே கைகாக்ஸ் இவ்விருப்பத்திற்கு மாறாகப் பேசினார். பூதமாக விரும்புவோரிற் பெரும்பாலார் தம் தோழரினும் மேம்பட்ட வலிமை பெற்றுத் தலைமை கொள்ளும் பொருட்டே அங்ஙனம் விரும்புகின்றனர் என்பது அவர் கூறிய முதல் தடை. ஆடுவோர் அனைவரும் மனிதராதலின், மனிதப் பாத்திரத்தோடே அவர் உள்ளம் நன்கு ஒன்றும் என்பது இரண்டாம் தடை. இவ்விரண்டும் எளிதில் தள்ளற்பாலன அல்ல. நல்ல பூதப் பாத்திரம் என்பது இவ்விரு தடைகளுக்கும் தன் அமைப்பினாலேயே விடை கூறுவதாகும். அவ்விடை காண்பார் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். இப்பிறவியால் இயல்வது யாது? இயலாதது யாது? இது இக்குழுவோடு நிற்பது எதன் பொருட்டு?

இயல்வது யாது என்பதை எழுதுதல் எளிது. நகமும் பல்லும் சிறகும் எவர்க்கும் உடனே தோன்றும். ஆனால் வலிமைக்கு விலை குறித்தல் அரிது. 2003இல் திருத்தி வெளியிடப்பெற்ற பதிப்பில் அவ்விலையைக் கணக்காற் காண முயன்றனர். ஓகர் என்னும் பேருருவ அரக்கனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு உடல்வலியில் 10 மிகுதி. அறிவில் 4 குறைவு. கவர்ச்சியில் 4 குறைவு. பிறப்பினாலேயே அவனுக்கு நான்கு உயிர்ப்பகடைகள் உண்டு. இவற்றிற்கு மேல் இரண்டு படிகள் அவன்மேல் வரியாக ஏற்றப்பட்டன. ஆகவே அவன் ஆறாம் படியை எய்திய தோழரோடேதான் சேர்தல் கூடும்.

இதன் பயன் யாதாயிற்று? தோழர்க்கு ஆறு உயிர்ப்பகடைகள் இருப்ப, ஓகருக்கு நான்கே இருந்தன. அவன் ஓங்கி அடித்தான். ஆனால் தன்மேல் விழும் அடியைத் தாங்கமாட்டாது விரைவில் வீழ்ந்தான். கணக்குச் சரியாகவே நின்றது. ஆட்டம் சரியாக நிற்கவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த 'சாவேஜ் ஸ்பீஷீஸ்' என்னும் நூல், பூதத்தின் வலிமைகளைப் பல கூறாக்கி, படிதோறும் ஒவ்வொன்றாகப் பெறுமாறு வகுத்தது. இளங்குட்டியாகத் தொடங்குக என்னும் 1974ஆம் ஆண்டு விதிக்கே அது ஒருவாறு மீண்டது எனலாம். கைகாக்ஸின் முதல் தடைக்கு இதுவே தக்க விடை. பூதம் வலிமையோடு வரவேண்டுவதில்லை. வலிமையை நோக்கி வளர்ந்தாற் போதும்.

இரண்டாவது வினாவே பாத்திரத்திற்கு உயிர் தருவது. மனிதனால் இயல்வது யாவும் இயன்று, அதன்மேற் சிறகும் உடையதாயின், அது பூதமன்று, வேடமிட்ட மனிதனே. பிறவி ஒன்றை மறுக்குமிடத்திலேதான் ஆடுவோன் சிந்திக்கத் தொடங்குகின்றான். 1991இல் மார்க் ரைன்-ஹேகன் முதலியோர் இயற்றிய 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' என்னும் ஆட்டம் இதற்குச் சிறந்த சான்று. அதில் ஆடுவோர் அனைவரும் குருதியுண்ணும் பிணவுருக்களே. ஒவ்வொருவர் ஏட்டிலும் மனிதத் தன்மை ஓர் எண்ணாற் குறிக்கப்படும். கொடுஞ்செயல் புரியப் புரிய அவ்வெண் இறங்கும். அது முற்றும் ஒழிந்த பொழுது பாத்திரம் ஆடுவோன் கையை விட்டு நடுவர் கைக்குச் செல்லும். பசியோ நாடோறும் வளரும். எனவே அப்பசியை எங்ஙனம் ஆற்றுவது என்பதே கதையாகின்றது. பகைவன் வெளியில் இல்லாத போதும் போர் ஓயாது.

மூன்றாவது வினா, கைகாக்ஸ் எழுப்பிய இரண்டாம் தடையைத் தொடுவது. மனிதனல்லாத பிறவியின் உள்ளத்தில் நாம் எங்ஙனம் புகுதல் கூடும்? அதன் உடலினின்றும், உணவினின்றும், துயரினின்றும் தொடங்கிப் புகலாம் என்பதே விடை. 1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தின் தொடர்ச்சியாக 1982இல் 'டிரோல்பாக்' என்னும் தொகுப்பு வந்தது. அது டிரோல் என்னும் பூதவினத்தின் வரலாறு, உணவு, வழிபாடு, குடும்பம் ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. பழைய சாபமொன்றினால் அவ்வினத் தாய்மார் வலிகுன்றிச் சிறுத்த மகவுகளையே மிகுதியும் ஈனுகின்றனர் என்பது அதில் வரும் செய்தி. இவ்வொரு செய்தியை அறிந்த பின் அப்பூதத்தை வெறும் பகையாக நோக்குதல் யார்க்கு இயலும்? தன் மகவுக்காக வருந்தும் உயிரின் உள்ளத்திற் புகுதற்கு மனிதனுக்கு வழி தெரியும்.

இனி, இம்மூன்று வினாக்களையும் கொண்டு ஒரு பாத்திரத்தை நாமே புனைந்து காண்போம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையும், 2016இல் வந்த 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' என்னும் நூலையும் துணையாகக் கொள்வோம். சதுப்பு நிலத்து வாழும் பல்லிமாந்தர் இனத்தை அந்நூல் கூறுகின்றது. அவர் நீந்துவர், 15 நிமிடம் மூச்சடக்குவர், கடிப்பர், கொன்ற விலங்கின் எலும்பும் தோலும் கொண்டு கேடயமும் எறிவேலும் செய்வர். நம்மைப் போன்ற உணர்ச்சிகள் அவர்க்கு இல்லை. பயன்படுவது, பயன்படாதது என்றே பொருள்களைக் காண்பர்.

ஆறு ஆற்றல்களுக்கும் வைத்தற்குரிய எண்கள் 15, 14, 13, 12, 10, 8 என்பன. நுண்ணுணர்வுக்கு 15, உடலுறுதிக்கு 14, விரைவுக்கு 13, உடல்வலிக்கு 12, அறிவுக்கு 10, கவர்ச்சிக்கு 8 என வைப்போம். பல்லிமாந்தர்க்கு உடலுறுதியில் 2ம் நுண்ணுணர்வில் 1ம் மிகும். ஆகவே அவ்விரண்டும் 16 ஆகும். பத்துக்கு மேல் ஒவ்வோர் இரண்டிற்கும் ஒன்று கூட்டுவது விதியாதலின், இவற்றால் வரும் கூட்டெண் 3. கவர்ச்சியிலோ ஒன்று கழியும். இயற்கைத் தோலின் காப்பு 13. விரைவினால் 1 கூடி 14. கேடயம் ஏந்தின் 16.

தொழில் யாது? வெட்டும் வீரனாக்குதல் எவர்க்கும் தோன்றுவது. நாம் இதனை டிரூயிட் என்னும் வனகுருவாக்குவோம். முதற்படியில் இதற்கு உயிர்ப்புள்ளி 11. புண்ணாற்றும் மந்திரத்தால் எண்முகப் பகடையில் வீழ்வதோடு 3 சேர்த்து, 4 முதல் 11 வரை உயிர்ப்புள்ளி மீட்கும். நீண்ட ஓய்வுக்கு ஓய்வு இரண்டு முறையே மந்திரம் இயலும். உலோகக் கவசம் அணியாமை வனகுருக்களின் நோன்பு. இப்பாத்திரமோ எலும்பினால் தானே கேடயம் செய்துகொள்ளும். பிறவியும் தொழிலும் இங்ஙனம் ஒன்றையொன்று தாங்குகின்றன.

பார்மின்! இரக்கம் என்பதனை அறியாத உயிர், குழுவின் மருத்துவனாக நிற்கின்றது. அது தோழனுடைய புண்ணை ஏன் கட்டுகின்றது? உயிருள்ள தோழன் பயன்படுவான் என்பதனால். இறந்த தோழனும் உணவாகப் பயன்படுவானே எனின், அங்கேதான் கதை பிறக்கின்றது. ஒரு நாள் பயனற்ற ஒருவன், வழியில் வீழ்ந்த ஓர் ஏழைச் சிறுவன், அதன் முன் கிடக்கின்றான் என்க. இரண்டு மந்திரங்களுள் ஒன்றே எஞ்சியுள்ளது. அதனை அவனுக்கு ஈந்தால் பயன் இல்லை; ஈயாது செல்லின் தோழர் முகம் மாறுகின்றது. அப்பல்லிமாந்தன் யாது செய்வான்? இவ்வினாவை எழுப்ப வல்ல பாத்திரமே நன்கு புனைந்த பூதப் பாத்திரம்.

இவ்விடத்தே ஒரு பெரும்பிழையைச் சுட்டுதல் வேண்டும். பூதப் பாத்திரம் ஆடுவோருட் சிலர், தோழன் பொருளைத் திருடியும், சரணடைந்தாரைக் கொன்றும், குழுவைக் காட்டிக்கொடுத்தும், வினவினால், 'என் பிறவி அத்தகையது. பாத்திரத்தின் இயல்பையே ஆடினேன்' என்பர். மற்றொரு சாரார், பூதவினத்துப் பிறந்த எதுவாயினும் தீயதே, ஆதலின் குழவியையும் கொல்லலாம் என்பர். முன்னது சாக்கு, பின்னது பகை. நுணுகி நோக்கின் இரண்டும் ஒரு கொள்கையின் இரு கிளைகளே. பிறப்பே ஒழுக்கத்தை முற்ற முடிவு செய்கின்றது என்பது அக்கொள்கை. அதனை ஒப்புக்கொண்ட மேசையில் பூதத்திற்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாதவிடத்துக் கதையும் இல்லை.

பிறவி பசியைத் தரலாம், அச்சத்தைத் தரலாம், கூரிய பல்லைத் தரலாம். கடிப்பதோ விடுப்பதோ பாத்திரத்தின் செயல். அதனைக் கூறுவது ஆடுவோன் வாய். அவ்வாய்க்கு உரியவன் மனிதன். அவன் எதிரே அமர்ந்திருப்போரும் மனிதர். தோழரை வருத்திவிட்டுப் பூதத்தின்மேற் பழியேற்றுதல் முறையாகாது.

இவ்வாட்டங்களை இயற்றுவோரும் காலப்போக்கில் இதனை எண்ணத் தொடங்கினர். 2016ஆம் ஆண்டு நூலில் ஓர்க் இனத்தார்க்கு அறிவில் 2 கழிந்தது. 2020இல் வந்த திருத்தத்தில் அக்கழிவு நீக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த மற்றொரு நூல், பூதவினங்கள் பலவற்றிற்கும் ஆற்றலின் மிகுதியை ஆடுவோர் தாம் வேண்டியவாறு வைத்துக்கொள்ள இடந்தந்தது. இதனால் இனங்களின் வேற்றுமை மங்கிவிட்டது என வருந்துவோரும் உளர். அவர் வருத்தம் பொருளற்றதன்று. இயலாமையே பாத்திரத்திற்கு உயிர் என மேலே கூறினோம். ஆயினும் மூச்சடக்குதலும், பல்லும், பசியும் உடலைப் பற்றிய வேற்றுமைகள். அறிவின்மையையும் கொடுமையையும் ஓரினம் முழுவதற்கும் பிறப்புரிமையாக எழுதிவைத்தல் வேறு. முன்னதைக் காத்துப் பின்னதைக் கைவிடுதல் இயலும் என்பதே எம் துணிபு.

இறுதியாக, பழக்கத்தில் உதவுவன சில. பாத்திரத்தை எழுதுமுன் நடுவரோடும் தோழரோடும் பேசுக. அக்கதையுலகில் ஊர்மக்கள் பூதத்தைக் கண்டால் யாது செய்வர் எனக் கேட்டறிக. ஒவ்வோர் ஊர்வாயிலிலும் காவலரோடு வழக்காடவே பொழுது கழியுமாயின், ஏனையோர் வாளா அமர்ந்திருக்க நேரும்; ஒரு முறை அவ்வழக்கை முழுதும் ஆடி, பின்னர்ச் சுருக்கமாகக் கடந்து செல்லுதல் நன்று. உண்ணுதலும் கொல்லுதலும் எவ்வளவு வெளிப்படக் கூறப்படலாம் என முன்னரே வரையறுத்துக்கொள்க. ஒருவர் விரும்பாததை மற்றொருவர் வலிந்து புகுத்தலாகாது. பாத்திரம் இக்குழுவை விட்டு நீங்காமைக்கு ஒரு காரணத்தை நீவிரே எழுதிக்கொண்டு வருக. அதனைத் தேடித் தருவது தோழர் கடமையன்று.

பூதமாக வர விரும்புதல் இழுக்கன்று. தனக்கு முற்றும் வேறான ஓர் உயிரின் கண்கொண்டு உலகை நோக்கவும், யாவரும் அஞ்சி விலக்கும் ஒருவனாய் ஊர்வாயிலில் நிற்கவும், அவ்வாட்டம் சில நாழிகை இடந்தருகின்றது. அவ்விடத்தை வலிமை காட்டுதற்கு மட்டும் பயன்படுத்துவோன் சிறிதே பெறுவான். உரு எதுவாயினும் செயல் நம்முடையதே என்பதை அறிந்து ஆடுவோன், மேசையை விட்டு எழும்பொழுது மனிதரையும் முன்னினும் நன்கு அறிந்தவனாவான்.