பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நிட்டிங் முடிந்த துணி ரோல், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊரைச் சுற்றி வந்துதான் பனியனாகிறது. இருட்டிய பிறகும் இந்த ஓட்டம் நிற்பதில்லை. ரோல் ஏற்றிய குட்டியானையின் பின்விளக்கு மங்கிவிட்டால், பின்னால் பைக்கில் வருபவருக்கு வண்டி இருப்பதே கடைசி நொடியில்தான் தெரியும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டருக்கு அப்பாலும் தெரிய வேண்டும் என்கின்றன. அப்படியும், விளக்கு மங்கினால் நம் கை முதலில் புது பல்பைத்தான் தேடுகிறது. தேட வேண்டியது எர்த்தை. கரண்ட் பல்புக்கு ஒயரில் வந்தாலும் பேட்டரிக்குத் திரும்புவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. எர்த் என்கிற அந்தத் திரும்பும் வழி, டெயில் லேம்ப் பக்கத்தில் முறுக்கிய ஒரே ஒரு ஸ்க்ரூவை நம்பி இருக்கிறது. மழையும் சேறும் பட்டு அதன் அடியில் துரு ஏறும், செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? வழி அடைபட்ட கரண்ட், பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து திரும்பப் பார்க்கிறது என்று பொருள்.

"டெஸ்ட் லேம்ப் எரியுதே, லைன்ல கோளாறு இல்லை" என்பார்கள். அதன் கிளிப்பை சுத்தமான வேறு இரும்பில் மாட்டியிருந்தால், ஒயரில் சப்ளை வருகிறது என்பது மட்டுமே உறுதி. திரும்பும் வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. விளக்கின் எர்த்திலேயே மாட்டினாலும் நம்ப முடியாது: எல்இடி டெஸ்டருக்குச் சொட்டுக் கரண்ட் போதும், 21 வாட் பிரேக் பல்புக்கோ ஏறக்குறைய 1.75 ஆம்பியர் வேண்டும். ஆகவே விளக்கு போட்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான். எல்லாவற்றுக்கும் எர்த்தையே குற்றம் சொல்ல முடியாது என்பது நியாயம்தான்: ஒரு பல்பு மட்டும் அடியோடு அணைந்து, மற்றவை பளிச்சென்று எரிந்தால் பல்பை மாற்றுவதே சரி. ஆனால் லோடு காத்திருக்கிறது, நேரமில்லை என்று, எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. ஒயர் சூடேறும் முன்பே உருகிவிடத்தான் பியூஸ் இருக்கிறது. அதை ஏமாற்றினால் சூடு முழுக்க ஒயரில் இறங்கும். ஒயருக்கு மேலே இருப்பதோ பருத்தித் துணி. எர்த்தைச் சரிசெய்யவோ, அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, புது லக் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ, டீ குடிக்கும் நேரம் போதும்.