அத்தையும் ஒரு வால்வு மைக்கும்

என் அத்தைக்கு எழுபத்தொன்று. வியாழக்கிழமை தைராய்டு ஆபரேஷன். "குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்குள் அத்தையின் தாலாட்டையும் நலங்குப் பாட்டையும் பதிவு செய்துவிட வேண்டும். எங்கே போவது? வடபழனியில் படுக்கையறையையே ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கும் நண்பனிடம்தான்.

அவனுடைய சொத்து ஒரு வால்வு மைக். சீனத் தயாரிப்பு. அதைப் பிரித்து மேய்ந்து, உள்ளே இருந்த 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு 6072 போட்டிருந்தான். 1953-ல் வியன்னாவின் ஏகேஜி கம்பெனி கொண்டுவந்த சி12 மைக்கில் இருந்த அதே ரகம். பழைய வால்வின் பெருக்கத்தில் பாதிகூட இதற்குக் கிடையாது. ஆனால் இரைச்சல் குறைவு. சத்தமாகப் பாடினாலும் திணறாது. கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர், தங்கம் பூசிய காப்ஸ்யூல் எல்லாமே புதுசு. மைக் விலையைவிட மராமத்துச் செலவு அதிகம்! நான் பி.காம். என் கணக்கில் இது கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர். அவன் மனைவியின் கணக்கில் தண்டச் செலவு.

திங்கள் மாலை முதல் டேக். ஹெட்போனில் அத்தையைக் காணோம். அடைமழையில் யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வால்வை மாத்திடலாம்டா. ஜெர்மனி பழைய ஸ்டாக் ஒண்ணு சொல்லி வெச்சா வரும்..."

"வியாழக்கிழமைக்குள்ளயா?"

பேசாமல் சுவிட்சை அணைத்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் மைக்கைத் தொடவே இல்லை. வால்வுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டுமாம். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் பதுங்கியிருக்கும், அவசரப்பட்டவனை அடித்துவிடும். பிறகு திறந்து காட்டினான். காப்ஸ்யூலிலிருந்து வருவது எறும்பின் முணுமுணுப்பு. அது வந்து சேரும் இடத்தில் இருக்கும் ரெசிஸ்டரோ கோடிக்கணக்கான ஓம். அங்கே விரல் ரேகை, பற்றவைத்த பசை, சென்னைக் காற்றின் ஈரம் எது ஒட்டினாலும் கரண்ட் கசியும், அப்பளம் பொரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அந்த இடத்தை மட்டும் துடைத்தான். காப்ஸ்யூல் பக்கம் நான் குனிந்ததும் "மூச்சு விடாதே!" என்று அதட்டல். ராத்திரி முழுக்க மைக் சிலிகா ஜெல்லுடன் டப்பாவில் தூங்கியது.

செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் சூடேற்றிவிட்டுத்தான் அத்தையை உட்கார வைத்தான். அப்பளம் போயே போச்சு!

இப்போது ஃபேன் கேட்டது. பக்கத்து வீட்டு குக்கர் கேட்டது. நல்ல மைக்கின் கெட்ட குணம் இது. ஃபேனை நிறுத்தினோம். மைக் பார்ப்பது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை என்பதால், கட்டில் மெத்தையைத் தூக்கி அத்தைக்குப் பின்னால் நிறுத்தினோம். சுருதிப் பெட்டி மைக்கின் முதுகுப் பக்கம் போனது. அங்கே அதற்குக் காது மந்தம்.

நாலு விரல் தூரத்தில் பாடச் சொன்னால் அடிக்குரல் வீங்கி, அத்தை மாமாவாகிவிட்டார்! ஒரு சாண் தள்ளி வைத்ததும் திரும்பி வந்தார். இன்னொரு வில்லன் பல்செட். ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு விசில்.

"கம்ப்யூட்டர்ல வெட்டிடேன்."

"வெட்டினா குரல்ல இருக்கற உசிரும் சேர்ந்து போயிடும்டா."

மைக்கை நெற்றி உயரத்துக்கு ஏற்றி, லேசாகச் சாய்த்து, வாய்க்கு நேராக இல்லாமல் திருப்பினான். விசில் அடங்கியது. இத்தனைக்கும் செலவு பூஜ்யம். நான் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

பதினொரு பாட்டு. பத்தாவதில் நிறுத்தி, "இதைப் பாடித்தான்டா உங்கப்பனைத் தூங்க வெப்பேன்" என்றார் அத்தை. அதையும் அழிக்கவில்லை.

முடிந்ததும் ஹெட்போனை அத்தை காதில் மாட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாருடா இது? எங்கம்மா மாதிரி இருக்கு..."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்.

எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஃபேனைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.