எலும்பு கூடிய பிறகு

விடிந்தும் விடியாத நேரம். ஜுரு டோல் பக்கம் லாரிகளுக்கு இடையே, ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு பிறை தொழிற்பேட்டைக்கு மோட்டார்களில் பறக்கிறார்கள் தொழிலாளர்கள். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்களே. பலத்த அடியோடு பிழைத்தவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு கூடிவிட்டது" என்கிறார் மருத்துவர். அடிபட்டவரின் கணக்கு வேறு. சம்மணம் போட்டு உட்கார முடியுமா? இந்தக் காலை நம்பி கியர் மாற்றலாமா? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிட முடியுமா?

இந்தக் கணக்கை நோயாளியிடமே கேட்டறிய, இ.கியூ-5டி என்றொரு வினாப்பட்டியல் பல நாடுகளில் புழங்குகிறது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம் என ஐந்து கேள்விகள். அதோடு தெர்மாமீட்டர் போல நிமிர்ந்து நிற்கும் ஓர் அளவுகோல்: அடியில் 0, உச்சியில் 100. இன்றைய உடல்நிலையை அதில் நோயாளியே குறிக்க வேண்டும். ஐந்துக்கும் ஒரே பதில் சொன்ன இருவர், இதில் வெவ்வேறு இடத்தில் கோடு போடலாம். ஒருவர் விபத்துக்கு முந்தைய நாளோடு ஒப்பிடுகிறார். மற்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாளோடு. காலம் போகப்போக அந்த ஒப்பீடே மாறுவதும் உண்டு. அது தன்னையே ஏமாற்றிக்கொள்வதல்ல. குணமாவதில் அதுவும் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

மலேசியாவில், வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. 2007இல் அது தொடங்கிய 'மீண்டும் வேலைக்கு' திட்டம், சிகிச்சையோடு நிற்காமல் பிழைப்பையும் கணக்கில் எடுத்தது. நல்ல மாற்றம்.

இந்தப் பார்வைக்கு வேலூரில் ஒரு முன்னோடி உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். கால்களின் இயக்கம் திரும்பவே இல்லை. "உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே" என்ற யோசனையைச் சொன்னவர், அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்துவந்த மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் மடங்கிய கை மேசைமேல் விரிந்திருக்க, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அதைச் சீராக்கினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நடக்க முடியாமல் அங்கே வந்து சேர்ந்தவர்கள் கண்ட தலைமை மருத்துவரும், அவர்களைப் போலவே சக்கர நாற்காலியில்தான் வந்தார்.